பாம்புத் தோட்டா

மேற்கு டெக்சாஸில் ஆடு வளர்க்கிறவர்கள் கைத்துப்பாக்கியில் பெரும்பாலும் பாம்புத் தோட்டாதான் போட்டு வைத்திருப்பார்கள். ஈயக் குண்டுக்குப் பதிலாக கடுகளவு ரவைகள் அடைத்தது. தண்ணீர்த் தொட்டி நிழலில் கிலுகிலுப்பை விரியன் சுருண்டு கிடந்தால், குறி கொஞ்சம் பிசகினாலும் ரவை சிதறி அதைக் கொன்றுவிடும்.

பக்கத்துப் பண்ணை டெல்மரின் நாய் வேலி தாண்டி வந்த அன்று, ஆட்டுப் பண்ணைக்காரி ஓலெட்டாவின் இடுப்புத் துப்பாக்கியிலும் அந்தத் தோட்டாக்கள்தான் இருந்தன. பிரிஸ்கோ என்ற அந்த நாய் சினையாட்டின் குரல்வளையைக் கவ்விக்கொண்டு விடவில்லை. ஓலெட்டா சுட்டாள். நாய் தோலைச் சிலுப்பியது. மறுபடி சுட்டாள். அது ஆட்டைப் போட்டுவிட்டு அவளைப் பார்த்து உறுமியது. பிறகு நிதானமாக நடந்து போயிற்று. ஆடு சாயங்காலம்வரை துடித்துக் கிடந்து செத்தது.

டெல்மரிடம் போனாள். அவன் வேலிக் கம்பத்தில் சாய்ந்துகொண்டு சிரித்தான்.

"உப்பு தூவினியா, மிளகு தூவினியா? நாய் வந்ததுலேர்ந்து சொறிஞ்சுக்கிட்டே இருக்கு. அடுத்த தடவை நிஜத் துப்பாக்கி எடுத்துட்டு வாம்மா."

நேராகத் தீவனமும் தோட்டாவும் விற்கும் வெர்லினின் கடைக்கு வண்டியை விட்டு, தோட்டா கேட்டாள்.

"பாம்புக்கா, வேற எதுக்காவதா?" என்று கேட்டான் வெர்லின்.

"டெல்மர் நாய்க்கு. ஆனா சட்டுனு சாகக் கூடாது. என் ஆடு கிடந்த மாதிரி கிடக்கணும்."

வெர்லின் கண்ணாடியைக் கழற்றி வைத்தான். "அதுக்கு நான் தோட்டா விக்கிறதில்ல ஓலெட்டா. இந்தா, முனை குழிஞ்ச குண்டு. உள்ள போனதும் விரியும். நாயைத் துளைச்சுத் தாண்டிப் போய் உன் ஆட்டை அடிக்கிறதும் குறைவு. நெஞ்சுல ஒண்ணு போதும். பாம்புத் தோட்டாவ பாம்புக்கு வச்சுக்கோ."

"நீ யார் பக்கம்?"

"நாய் என்ன பண்ணும், பாவம். வளத்தவன் அப்படி."

முறைத்துக்கொண்டே வாங்கிப் போனாள்.

அந்த வாரமே நாய் திரும்பி வந்தது. பட்டப்பகல். ஒரு குட்டியைக் கவ்வி உதறியபோது ஓலெட்டா பக்கவாட்டில் போய் நின்று, ஒரே ஒரு முறை சுட்டாள். சத்தம் அடங்குவதற்குள் பிரிஸ்கோ செத்து விழுந்திருந்தது. குட்டி எழுந்து நொண்டிக்கொண்டு ஓடியது. ஓலெட்டா அங்கேயே நின்றாள். யாரோ தன் கையிலிருந்து எதையோ பிடுங்கிக்கொண்டதுபோல இருந்தது. இவ்வளவு சுலபமாகவா?

நாயை வண்டியில் போட்டு டெல்மர் வாசலில் கொண்டுபோய் இறக்கினாள். கத்துவான், சண்டைக்கு வருவான் என்று எதிர்பார்த்தாள். அவன் மண்டி போட்டு நாயின் காதைத் தடவினான்.

"கஷ்டப்படாமப் போச்சா?" தலை நிமிராமல் கேட்டான். "அதை மட்டும் சொல்லிடு ஓலெட்டா."

அவள் யோசிக்கக்கூட இல்லை.

"இல்ல. ரொம்ப நேரம் இழுத்துக்கிட்டுக் கிடந்துச்சு. உன் வீட்டுப் பக்கமே பாத்துக்கிட்டு."

டெல்மர் நாயின் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். அவள் வண்டியைக் கிளப்பினாள். வீட்டுக்கு வந்து பீன்ஸும் சோள ரொட்டியும் வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

சில மாதங்கள் கழித்து, வெர்லினின் கடையில் டெல்மர் யாரிடமோ நாய் துடித்துச் செத்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். குரல் உடைந்தது. அந்தக் குண்டை விற்ற வெர்லின் திரும்பி ஓலெட்டாவைப் பார்த்தான். அவள் தீவன மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு வெளியே நடந்தாள்.