பிசுக்கு பெய்த தேர்தல்

அந்த ஆண்டு நகராட்சித் தேர்தலில், வேட்பாளர் மேடையேறித் தன் பக்தியைச் சொல்லி ஓட்டுக் கேட்டால், கேட்டுக்கொண்டிருந்தவர்கள் மேல் பிசுக்கு இறங்கியது. வெளிறிய மஞ்சள் நிறம், பல மாதம் துவைக்காத தலையணை உறையின் வாடை. வெறும் தண்ணீருக்குப் போகாது. வெந்நீர் விட்டுச் சோப்புப் போட்டு இரண்டு முறை தேய்க்க வேண்டும். முதல் கூட்டம் நடந்த சந்தைத் திடலில் நாற்பது பேரின் மூக்குக்கண்ணாடிகள் மங்கிப்போயின. கண்ணாடிக் கடைக்காரர் மறுநாள் எல்லாவற்றையும் சும்மா துடைத்துக் கொடுத்தார், மூன்றாம் நாளிலிருந்து காசு வாங்கினார். வீட்டில் பிரார்த்தனை செய்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. வழிபாட்டு இடங்களின் தரை எப்போதும்போல் சுத்தமாகவே இருந்தது. கடவுளும் ஓட்டும் ஒரே மூச்சில் வெளிவரும்போது மட்டும் அது இறங்கியது. சுகாதார ஆய்வாளர் ஒரு பாட்டிலில் பிடித்துத் தலைநகரத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். உண்பதற்கு உகந்ததல்ல என்று ஒரு வரியில் பதில் வந்தது.

தலைவர் பதவிக்கு ஆறு பேர் நின்றார்கள். அவர்களில் முன்னால் இருந்தவர் பஸ்காரர். பதினோரு பஸ்கள் வைத்திருந்ததால் அந்தப் பெயர். மனுத்தாக்கல் செய்த நாள்வரை அவர் எந்த வழிபாட்டு இடத்துக்கும் போய் யாரும் பார்த்ததில்லை. அதன் பிறகு அங்கிருந்து வெளியே வந்தும் யாரும் பார்க்கவில்லை. தினம் மூன்று வேளை பிரார்த்திப்பவர் என்று அவருடைய நோட்டீஸில் முதல் வரி இருந்தது. அடுத்த வேட்பாளர் ஐந்து வேளை என்று அச்சடித்தார். ஓய்வுபெற்ற கல்லூரி முதல்வர் ஒருவர் மேடையில் ஒன்றரை மணி நேரம் முழங்காலில் நின்று அழுதார். எழப்போனபோது முழங்கால் வழுக்கி மேடையின் மறுமுனைவரை போய்விட்டார், தொண்டர்கள் இழுத்து நிறுத்தினார்கள். இரண்டாம் வாரத்தில் கதவுக் கைப்பிடிகள் கைக்குப் பிடிபடவில்லை, சட்டைப் பொத்தான்கள் தாமாகக் கழன்றன, பள்ளிக்கூடக் கரும்பலகையில் சாக்பீஸ் எழுதவில்லை. மக்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டே கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல், ஈரத் துணியைக் கல்லில் அடிப்பதுபோல் சப்பென்று கேட்டது.

ஆறாவது வேட்பாளர், குடிநீர் வாரியத்தில் முப்பத்தோரு வருஷம் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் குழாயம்மா என்றால்தான் தெரியும். கணவர் இறந்த பிறகு, அச்சகம் வைத்திருந்த அண்ணன் வீட்டு மாடியில் தனியாக இருந்தார். அரசியலில் அவருக்கு எந்த ஆசையும் இருந்ததில்லை. ஒன்பதாவது வார்டில் குடிநீர்க் குழாய் ஓரிடத்தில் இணைப்பு விட்டுப்போய், பக்கத்துச் சாக்கடை பதினைந்து மாதமாக அதில் கலந்துகொண்டிருந்தது. எந்த இடம் என்பது அவருக்கு அங்குலக் கணக்காகத் தெரியும். எழுதிப்போட்ட மனு எதற்கும் பதில் இல்லை. இரண்டு குழந்தைகள் செத்துப்போயின. அவரிடம் நெடுங்காலம் வேலை பார்த்த, தெருக்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் வால்வுக்காரரின் எட்டு வயது மகள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அவளைப் பார்த்துவிட்டு வந்த அன்று மாலையே குழாயம்மா மனுத்தாக்கல் செய்தார்.

கூட்டத்துக்குப் போகும் இடமெல்லாம் அவர் ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுபோனார். ஒன்பதாவது வார்டுக் குழாயில் அன்று காலை பிடித்தது. அடியில் கறுப்பாக ஏதோ படிந்திருக்கும், நடுவில் நூல்போல் ஒன்று நெளியும். பாட்டிலை முன் வரிசையில் கொடுத்துக் கைமாற்றச் சொல்வார். அவர் கூட்டங்களில் ஒரு துளிப் பிசுக்கு இறங்கவில்லை. அதனால் பெண்கள் கைக்குழந்தைகளோடு வந்து உட்கார்ந்தார்கள். வியாபாரிகள் துணி உலர்த்த வந்தார்கள். ஆனால் பாட்டில் கடைசி வரிசைக்குப் போய்ச் சேரும் முன்பே யாராவது எழுந்து அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார்கள்.

"குழாய் கதையெல்லாம் சரிம்மா. உங்களுக்கு சாமி நம்பிக்கை இருக்கா, இல்லையா? அதைச் சொல்லுங்க மொதல்ல."

"அது என் வீட்டு விஷயம்ப்பா. நான் கும்பிட்டா இந்தத் தண்ணி சுத்தமாயிடுமா? கும்பிடலைன்னா குழாய் ஒட்டாதா? இந்தப் பாட்டிலைப் பத்திக் கேளுங்க, விடியற வரைக்கும் பதில் சொல்றேன்."

இது போதுமானதாக இருந்தது. பஸ்காரரின் பேச்சாளர் மறுநாளே அதைப் பிடித்துக்கொண்டார். "அந்தம்மா கூட்டத்துல பிசுக்கே இறங்கறதில்லையாம். ஏன் இறங்கலை? கடவுள் அங்க இல்லை, அதான் இறங்கலை!" அதுவரை பிசுக்கை அருவருத்தவர்கள் அன்றுமுதல் அதை அருள் என்றார்கள். துடைப்பதை நிறுத்தினார்கள். நெற்றியில் வழிந்ததோடு அலுவலகம் போனார்கள், சட்டைக் காலர் மஞ்சளாகத் தெரியும்படி நிமிர்த்தி விட்டுக்கொண்டார்கள். உலர்ந்த முகத்தோடு கடைக்கு வந்தவனுக்குச் சரக்கு இல்லை என்று சொல்லப்பட்டது. ஈக்கள் வந்தன. ஒரு முகத்தில் ஏழெட்டு ஈக்கள் ஒட்டிக்கொண்டு செத்திருக்க, அந்த முகம் சிரித்தபடி வணக்கம் சொல்வதைப் பார்த்து, வெளியூரிலிருந்து வந்த தபால் ஊழியர் ஒருவர் தெருவோரத்தில் வாந்தி எடுத்தார்.

உண்மையில் குழாயம்மா நாள் தவறாமல் பிரார்த்திப்பவர். காலை ஐந்தரைக்குக் குழாயில் தண்ணீர் வருவதற்கு முன் ஐந்து நிமிஷம், சமையலறை ஜன்னல் பக்கம் நின்று, இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டு கண்ணை மூடுவார். இறந்துபோன கணவருக்குத் தெரிந்திருந்தது. அண்ணனுக்கும் தெரியும். அண்ணன் இரவுச் சாப்பாட்டின்போது கெஞ்சிப் பார்த்தார்.

"ஒரே ஒரு தடவை சொல்லிடு. பொய்யா சொல்லப்போற? உள்ளதைத்தானே சொல்லச் சொல்றேன்."

"உள்ளதுன்னுதாண்ணா சொல்ல மாட்டேன். அதை வித்துட்டா அப்புறம் எங்கிட்ட என்ன இருக்கு?"

"அந்தப் பொண்ணு ஆஸ்பத்திரியில கிடக்குதே, அதுக்காகவாவது சொல்லக் கூடாதா?"

குழாயம்மா சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து மாடிக்குப் போய்விட்டார். அண்ணன் கெட்டவர் இல்லை. தங்கை தோற்பதை அவரால் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். கடைசிக் கூட்டத்தில், குழாயம்மா பாட்டிலை எடுத்துக் கொடுக்கக் கீழே இறங்கிய சமயம், அண்ணன் மைக்கைப் பிடித்தார். என் தங்கச்சி மாதிரி பக்தி யாருக்கும் கிடையாது, தினம் விடியற்காலையில ஜன்னல் பக்கம் நிக்கிறதை என் கண்ணால பார்த்திருக்கேன், அந்தக் கைக்கு ஓட்டுப் போடுங்க என்றார். அந்தத் தேர்தலில் இறங்கிய பிசுக்கிலேயே அதுதான் கெட்டியானது. கூழ்போல் விழுந்தது. கூட்டம் முதல்முறையாகக் குழாயம்மாவுக்காக எழுந்து நின்று கைதட்டியது. அவர் கையிலிருந்த பாட்டில் வழுக்கிக் கீழே விழுந்து உடைந்தது. அவர் வீட்டுக்குப் போய் நான்கு வாளி வெந்நீரில் குளித்தார். மறுநாள் காலை ஜன்னல் பக்கம் நின்று கைகளைக் கோத்தபோது விரல்கள் ஒன்றையொன்று பிடிக்கவில்லை. சாம்பல் போட்டுத் தேய்த்தார், மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தார். தோல் உரிந்தது. கைகள் வழுக்கி வழுக்கி விலகின. குழாயில் தண்ணீர் வந்தது. அவர் குடத்தை வைத்தார்.

பஸ்காரர் ஜெயித்தார். குழாயம்மாவுக்கு அறுநூற்றுப் பன்னிரண்டு ஓட்டு. பதவியேற்பன்று மன்றக் கூடத்தில் கணுக்கால் அளவு பிசுக்கு நின்றது. உறுப்பினர்கள் ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்துக்கொண்டு ஆசனங்களுக்குப் போனார்கள். கூட்டம் தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும், சாலை பற்றிய பேச்சுக்கும் விளக்கு பற்றிய பேச்சுக்கும் இடையிலும் பிரார்த்தனை என்று முதல் தீர்மானம் நிறைவேறியது. இரண்டாவது தீர்மானத்துக்கு நேரம் இல்லை. நான்கு மாதம் கழித்து வால்வுக்காரர் குழாயம்மாவின் மாடிக்கு வந்தார். மகள் இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருந்தாள்.

"குழாய் ஒட்டவே மாட்டேங்குதும்மா. மூணு தடவை தோண்டிட்டோம். ஒவ்வொரு தடவையும் தலைவர் வந்து, ஆண்டவன் அருளால ஆரம்பிக்கிறேன், அடுத்த தேர்தல்லயும் மறந்துடாதீங்கங்கறாரு. குழாய் மேல பிசுக்கு இறங்குது. பசை வழுக்கிட்டுப் போயிடுது."

குழாயம்மா நேராகத் தலைவர் அறைக்குப் போனார். சாக்கடைத் தண்ணீர் அதற்குள் ஒன்பதாவது வார்டைத் தாண்டி நான்காவது வார்டுக்கும் வந்திருந்தது. நான்காவது வார்டில்தான் பஸ்காரரின் வீடு. அன்று காலையிலிருந்து அவர் ஏழு தடவை கழிப்பறைக்குப் போய் வந்திருந்தார். முகம் பிசுக்குக்கு அடியில் வெளுத்திருந்தது.

"ஒரு நாள்," என்றார் குழாயம்மா. "காலையில ஆறு மணியிலேர்ந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் ஊர்ல ஒருத்தரும் கடவுளை வச்சு ஓட்டுப் பேச்சுப் பேசக் கூடாது. பசை காயறதுக்கு அவ்வளவு நேரம் வேணும்."

"பேச்சே கூடாதா? தொடக்க விழாவுல நான் என்னதான் பேசறது?"

"பேசாதீங்க."

பஸ்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "மௌன விரதம்னு அறிவிச்சுக்கலாமா?" என்று கேட்டார். அதைக்கூட அறிவிக்கக் கூடாது என்று சொன்னதும் அவர் உண்மையிலேயே கஷ்டப்பட்டார். எட்டாவது தடவை போய் வந்த பிறகு சம்மதித்தார்.

குறித்த நாள் முழுக்க அவர் கழிப்பறையிலேயே இருந்தார் என்பது அவருடைய டிரைவர் சொன்ன தகவல். உறுப்பினர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு படுத்தார்கள். காலை எட்டு மணிக்குத் தெருக்கள் உலரத் தொடங்கின, பத்து மணிக்கு ஈக்கள் ஊரைவிட்டுப் போயின. ஒன்பதாவது வார்டில், நெஞ்சளவு பள்ளத்தில், குழாயம்மாவும் வால்வுக்காரரும் இறங்கினார்கள். விட்டுப்போன பகுதியை அறுத்து எடுத்தபோது உள்ளே மயிரும் மலமும் மக்கிய துணியும் அடைத்திருந்தன. வால்வுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். குழாயம்மா கையை விட்டு வழித்து எடுத்தார். புதுக் குழாயின் இரு முனைகளையும் உலர்ந்த துணியால் துடைத்து, பசை தடவி, ஒன்றுக்குள் ஒன்றைச் செலுத்தினார்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் நெருக்கிப் பிடித்துக்கொண்டு நின்றபோது, அவருடைய கைகள் குழாயைச் சுற்றி வந்து ஒன்றையொன்று கோத்துக்கொண்டன. வழுக்கவில்லை. அவர் கண்ணை மூடினார், உதடுகள் அசைந்தன. வால்வுக்காரர் அதைப் பார்க்கவில்லை என்று காட்டிக்கொள்ள, இணைப்பையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது என்ன சொல்லப்பட்டது என்பது யாருக்கும் தெரியாது. இணைப்பு ஒட்டியது.

மறுவாரம் பஸ்காரர் உடம்பு தேறி, ஒன்பதாவது வார்டுத் தெருக்குழாயைத் திறந்துவைத்தார். ஆண்டவன் கனவில் வந்து இடத்தைக் காட்டினான், அவன் கை காட்டியவனை மறந்துவிடாதீர்கள் என்றார். தண்ணீர் தெளிவாக வந்தது, மேலிருந்து பிசுக்கும் வந்தது. பெண்கள் பேச்சைக் கேட்டபடியே குடங்களைத் தட்டால் மூடிக்கொண்டார்கள். வால்வுக்காரரின் மகள் அந்த மாதக் கடைசியில் வீடு திரும்பினாள். குழாயம்மாவும் அண்ணனும் பேசிக்கொள்ள ஒன்றரை வருஷம் ஆயிற்று. முதலில் பேசியது மழைக்கு ஒழுகும் மாடியைப் பற்றி. அதற்கடுத்த தேர்தலில் தலைவர் பதவிக்குப் பதினான்கு பேர் மனுத்தாக்கல் செய்தார்கள். தேர்தல் அலுவலகத்தில் வாசலிலிருந்து மேசைவரை மரத்தூள் கொட்டி, பிடித்துக்கொண்டு நடக்க இருபுறமும் கயிறு கட்டியிருந்தார்கள். மரத்தூள் போதவில்லை என்று முதல் நாளே புகார் வந்தது. இன்னும் இரண்டு வண்டிக்குச் சொல்லியனுப்பினார்கள்.