பக்கத்து சீட்டுக்காரர்

சாவியைத் திருப்பினேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு இருமல், ஒரு முனகல், ஏதாவது வரும் என்று பார்த்தால் மூச்சே இல்லை. டேஷ்போர்டில் விளக்குகள் மட்டும் எனக்கென்ன என்று எரிந்துகொண்டிருந்தன.

“சனியனே, இன்னைக்குத்தானா உனக்கு?” என்று ஸ்டியரிங்கில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். ஹாரன் அலறியது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்து, என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

மகள் ரயிலில் வந்துகொண்டிருந்தாள். அவள் அம்மா போன பிறகு முதல் தடவையாக வருகிறாள். நடுவில் எங்களுக்குள் பேச்சே சரியில்லை. காரியமெல்லாம் முடிந்த மறுநாளே அலமாரியைத் திறந்து, துணிமணி, கைப்பை, மூக்குக்கண்ணாடி என்று அத்தனையையும் மூட்டை கட்டி யார் யாருக்கோ கொடுத்துவிட்டாள். கடைசியில் வந்து, “அம்மா வெளில போட்டுக்கிற செருப்பு எங்கப்பா?” என்று கேட்டாளே பார்க்கலாம். “அதையும் தூக்கிக் குடுக்கணுமா? என்னையும் ஒரு மூட்டையில போட்டுக் கட்டிடு!” என்று கத்தினேன். வாயைத் திறக்கப் போனவள் மூடிக்கொண்டாள். அன்று சாயங்காலமே கிளம்பிவிட்டாள்.

இப்போது வருகிறேன் என்று அவளாகவே போன் செய்தாள். டாக்சி பிடித்துக்கொள்கிறேன் என்றாள். “ஒண்ணும் வேணாம். உங்கம்மா எப்பவும் ஸ்டேஷன் வாசல்ல வந்து நிப்பா இல்ல? இந்தத் தடவை நான் நிக்கிறேன்” என்றேன்.  “சரிப்பா” என்றாள். அந்த ஒரு சரிக்காகத்தான் இத்தனை பாடும். நான் போய் நிற்காவிட்டால் அவள் டாக்சியில் விருந்தாளி மாதிரி வந்து இறங்குவாள், விருந்தாளி மாதிரியே போய்விடுவாள். அப்புறம் இந்த வீட்டில் நானும் சுவரும்தான்.

கார் அவளுடையது, என் மனைவியுடையது. கல்யாணமான புதிதிலிருந்து ஓட்டியதெல்லாம் அவள்தான். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து யோசனை சொல்வது என் உத்தியோகம். “வாயால ஓட்டுறதுக்கு லைசென்ஸ் வேண்டியதில்லைங்க” என்பாள். எனக்கு லைசென்ஸ் இருந்தது, தைரியம்தான் இல்லை. இந்த ஒரு மாதமாகத்தான் தெருவில் ஊர்ந்து ஊர்ந்து பழகினேன். முந்தின நாள் கூட நன்றாகத்தான் ஓடியது. வீட்டு வாசலுக்கு வரும்போது சைக்கிள்காரன் ஒருத்தன் குறுக்கே புகுந்தான். பிரேக்கை மிதித்த மிதியில் உள்ளே இருந்த சாமான்கள் எல்லாம் உருண்டன, வண்டியும் அணைந்து நின்றது. அவனை நாலு வார்த்தை திட்டிவிட்டு வண்டியை அங்கேயே விட்டுவிட்டு இறங்கினேன்.

மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். உடனே வந்தார், அதைச் சொல்லவேண்டும். ஸ்கூட்டரின் முன்னால் ஒரு பேட்டரியை வைத்துக்கொண்டு வந்தார். பானட்டைத் திறந்தார். “லைட்டைப் போடுங்க சார். ஹாரன் அடிங்க. போதும் போதும், காது போகுது.” தன் பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்துப் பார்த்தார். ம்ஹூம். ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பச் சொருகினார். அவர் வெளியே நின்று கையைக் காட்டும்போதெல்லாம் நான் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன்.

“பேட்டரி ஜம்முனு இருக்கு சார். கிளட்சை மிதிச்சுக்கிட்டுத்தானே திருப்புறீங்க? இந்த வண்டி முழுசா மிதிச்சாத்தான்...”

“மிதிச்சேனே! அது கூடத் தெரியாமலா உட்கார்ந்திருக்கேன்? உன் வேலையைப் பாருப்பா!”

அவர் அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டார். இன்னும் கொஞ்ச நேரம் குனிந்து எதையோ தட்டினார். கடைசியில் கையை விரித்தார். “ஸ்டார்ட்டர் போயிருக்கும் போல சார். கடைக்கு இழுத்துட்டுப் போயிடலாம். கயிறும் ஆளும் கூட்டிட்டு வரேன்.”

அவர் போனதும் தெரு அமைதியாகிவிட்டது. போன் அடித்தது. “அப்பா, வண்டி ஸ்டேஷனுக்குள்ள வருது. கிளம்பிட்டீங்களா?”

“வந்துக்கிட்டே இருக்கேன் பாப்பா. அங்கேயே நில்லு.”

பொய்தான். போனை வைத்துவிட்டுப் பக்கத்து சீட்டைப் பார்த்தேன். என் சீட்டு. காலியாக இருந்தது. நான் அதில் உட்கார்ந்திருந்தால் இந்நேரம் நூறு யோசனை சொல்லியிருப்பேன். “சும்மா இருங்க, நான் பாத்துக்கறேன்” என்று சொல்ல ஆள் இருந்தது அப்போது. தாங்க முடியவில்லை எனக்கு. சொல்லப்போனால் அன்று வரை நான் சரியாக அழக்கூட இல்லை, கோபத்திலேயே காலத்தை ஓட்டிவிட்டேன். அந்தக் கோபத்தோடு கிளட்சை எட்டி ஒரு உதை உதைத்தேன்.

பெடல் பாதியில் நின்றது. மெத்தென்று எதிலோ முட்டியது.

திரும்ப மிதித்தேன். அதே இடத்தில் முட்டியது. முழுசா மிதிச்சாத்தான் என்று அந்த ஆள் சொல்ல வந்தாரே! கதவைத் திறந்து இறங்கி, மண்டியிட்டு, கையை உள்ளே விட்டேன். பெடலுக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது ஒரு செருப்பு. கறுப்பு, இடது கால். குதிகாலில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தது, அவள் சாய்ந்து நடப்பாள். இன்னொன்று சீட்டுக்கு அடியில் தூசியோடு சமர்த்தாக இருந்தது. முந்தின நாள் பிரேக்கில் இது மட்டும் முன்னால் நழுவி வந்திருக்கிறது.

வெறுங்காலால்தான் ஓட்டுவாள். “பெடல் காலோட பேசணுங்க” என்பாள். ஏறியதும் செருப்பைக் கழற்றிச் சீட்டுக்கு அடியில் தள்ளிவிடுவாள். வீடு வந்தால் பாதி நாள் மாட்டிக்கொள்ள மறந்து அப்படியே இறங்கி உள்ளே வருவாள். “வீட்டைப் பெருக்குறது நானு” என்று நான் கத்துவேன். கடைசியாக ஓட்டிவிட்டு வந்த அன்றும் அப்படித்தான் வந்திருக்கிறாள்.

நடுத்தெருவில் அந்தச் செருப்பை வைத்துக்கொண்டு அழுதேன். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. திறக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஏறி உட்கார்ந்து கிளட்சை மிதித்தேன். தரை வரை போனது. சாவியைத் திருப்பியதும் என்ஜின் பிடித்துக்கொண்டது. தெருமுனையில் மெக்கானிக் கயிறும் ஒரு ஆளுமாக வந்துகொண்டிருந்தார். “சார், எப்படி சார்?” என்று வாயைப் பிளந்தார். “நீ சொன்னதுதான் தம்பி. நான்தான் கேக்கல” என்று கத்திக்கொண்டே அவரைத் தாண்டினேன்.

ஸ்டேஷன் வாசலில் கூட்டமெல்லாம் கலைந்துவிட்டிருந்தது. அவள் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து எழுந்தாள். “நீங்களேவா ஓட்டிட்டு வந்தீங்க?” என்று கேட்டுக்கொண்டே என் சீட்டில் ஏறினாள். ஏறியவள் காலை வைக்காமல் அப்படியே தூக்கிக்கொண்டாள். செருப்பு இரண்டையும் நான் அந்தப் பக்கம் கீழே வைத்திருந்தேன்.

“அப்பா... இது எங்க இருந்தது?”

“உங்கம்மா சீட்டுக்கடியில.”

ஒன்றைக் கையில் எடுத்து, தூசியை விரலால் துடைத்தாள். “இதைத்தாம்பா அன்னைக்குத் தேடினேன். மத்ததெல்லாம் கண்ணுல பட்டா நீங்க தாங்க மாட்டீங்கன்னு குடுத்தேன். இதை மட்டும் நான் எடுத்துட்டுப் போலாம்னு இருந்தேன். சொல்ல விட்டீங்களா நீங்க?”

 பின்னால் ஒரு டாக்சிக்காரர் ஹாரன் அடித்தார்.

“எடுத்துக்கோ பாப்பா” என்றேன்.

அவள் தன் ஷூவைக் கழற்றிப் பின்சீட்டில் போட்டுவிட்டுச் செருப்புக்குள் காலை விட்டாள். அளவு சரியாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “கிளம்பலாம்பா. பின்னாடி பாத்து எடுங்க. மெதுவா, மெதுவா... இண்டிகேட்டர் போடுங்கப்பா” என்று ஆரம்பித்தாள்.

இரண்டு நாள்தான் இருப்பாள். சொல்லட்டும் என்று வாயை மூடிக்கொண்டு ஓட்டினேன்.