பெரிய வெள்ளியில் நின்ற மோட்டர்

குருநகர்க் கரையில் நண்டு அவித்துச் சதை எடுக்கும் கொட்டில் நடத்தும் லூர்த்தம்மாவுக்குச் சுற்றாடல் சட்டத்தின் மேல் கோபமில்லை. கோபமெல்லாம் தம்பி ஜெயசுதன் மேல்தான். கழிவுநீரைச் சுத்தப்படுத்தாவிட்டால் அனுமதிப்பத்திரம் இல்லை என்று இருவருக்கும்தான் சொன்னார்கள். வாகனம் கழுவும் தம்பி, எண்ணெயைப் பிரிக்கிற சீமெந்துத் தொட்டி ஒன்றைக் கட்டிவிட்டுக் காலுக்கு மேல் கால் போட்டுக்கொண்டு இருந்துவிட்டான். நண்டுத் தண்ணீர் அதற்கெல்லாம் மசிகிற சாமானா? அதற்குக் காற்றடிக்கும் மோட்டர் வைத்த தொட்டி வேண்டுமாம். காதிலும் கழுத்திலும் கிடந்த நகை அத்தனையும் அதற்குள் போனது.

ஆனாலும் தொட்டி அருமையாக வேலை செய்தது. தெளிந்து வந்த தண்ணீரைப் பார்த்துக் கொட்டிலில் வேலை செய்யும் பெண்களுக்குப் பெருமை பிடிபடவில்லை. அனுமதி கிடைத்தால்தான் அவர்கள் வீட்டிலும் அடுப்பெரியும். உயிர்ப்பு ஞாயிறு கழிந்த செவ்வாய் பரிசோதனை என்று முடிவாயிற்று.

அன்று காலை தொட்டி மூடியைத் திறந்த இளம் அதிகாரி கேதீஸ்வரன் மூக்கைப் பொத்திக்கொண்டார். தண்ணீர் கறுத்துக் கிடந்தது.

"மோட்டரை நிப்பாட்டினனீங்களோ அம்மா?"

"ஓம் தம்பி. பெரிய வியாழன் நிப்பாட்டி நேற்றுத்தான் போட்டனான். ஆண்டவர் செத்த நாளிலை நாங்கள் ஒரு மெஷினும் ஓட்டுறேல்லை. ஜெயசுதனும்தானே பூட்டினவன். அவன்ரை தொட்டிக்கு ஒண்டும் நடக்கேல்லையே?"

"அவரின்ரை தொட்டியிலை எண்ணெய் தன்ரை பாட்டிலை மிதக்கும், ஒரு மாதம் பூட்டினாலும் பிழையில்லை. உங்கடை தொட்டிக்குள்ளை கண்ணுக்குத் தெரியாத உயிருகள் இருக்கு. அதுகள்தான் ஊத்தையைத் தின்னுறது. காத்தில்லாட்டிச் செத்துப்போம்."

லூர்த்தம்மா தொட்டி விளிம்பில் குந்திவிட்டாள். "பெரிய வெள்ளியண்டோ தம்பி நான் அதுகளைச் சாக்காட்டினனான்?"

சைவக்காரரான கேதீஸ்வரனுக்கும் மனுசியைப் பார்க்கப் பாவமாயிருந்தது.

"ஒரு மாதம் தவணை தாறன். அதுவரைக்கும் நண்டு அவிக்கேலாது. வேறை நல்ல தொட்டியொண்டிலை சேறு எடுத்து ஊத்துங்கோ, திரும்ப உயிர் பிடிக்கும்."

வாசலில் நின்ற பெண்கள் ஒரு மாதம் என்றதும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். லூர்த்தம்மா முகத்தைத் துடைத்தாள்.

"அடுத்த பெரிய வெள்ளிக்கும் ஓடத்தான் வேணுமோ?"

"ஓடத்தான் வேணும் அம்மா."

லூர்த்தம்மா எழுந்து தொட்டி மூடியை இழுத்து மூடினாள்.

"அப்ப ஓடட்டும். பாதர் ஏசினால் ஏசட்டும். ஆண்டவர் ஏசமாட்டார்."