முதலை பார்க்க வந்த மேவிஸ்

நாட்டின் தெற்குக் கோடியில், ஹோபார்ட்டில் இருக்கும் தன் அக்கா மேவிஸுக்கு என் கணவர் ராய் போனில் அளக்காத முதலைக் கதை கிடையாது. மீன் பிடிக்கப் போன இடத்தில் முதலை படகைக் கவ்வியதாம். இவர் துடுப்பாலேயே அதன் மூக்கில் ஓங்கிப் போட்டாராம். அந்தப் படகில் நானும் இருந்தேன். வந்து மோதியது ஒரு மரக்கட்டை. துடுப்பால் தள்ளிவிட்டது நான்.

அந்த மேவிஸ் போன அக்டோபரில் உல்லாசக் கப்பலில் எங்கள் ஊரான டார்வினுக்கு வந்து இறங்கினார். எழுபதைத் தாண்டியவர். கப்பல் ஒரே ஒரு பகல்தான் நிற்கும், ராத்திரி கிளம்பிவிடும். மழை வருவதுபோல் இருட்டிக்கொண்டு வந்து ஏமாற்றுகிற மாதம். ஊரே வியர்த்து வழிந்து, ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழுந்துகொண்டிருந்தது.

"எங்கடா உன் முதலை?" என்றார் இறங்கியதுமே.

ராய் எங்களை நேராக அருங்காட்சியகத்துக்கு ஓட்டினார். அங்கே பாடம் செய்து வைத்த பெரிய முதலை ஒன்று இருக்கிறது.

"இதான்க்கா. பாத்தாச்சுல்ல?"

"இது செத்துப்போச்சேடா."

"அதனால என்ன? சைஸ் அதேதான்."

மதியம் லக்ஸா என்கிற காரமான தேங்காய்ப்பால் நூடுல்ஸ் சாப்பிட்டு முடித்ததும் மேவிஸ் கைப்பையிலிருந்து இரண்டு டிக்கெட்டை எடுத்து மேஜையில் வைத்தார். ஊருக்கு நடுவே ஓரிடத்தில், கண்ணாடி மாதிரியான கூண்டில் ஆளை நிறுத்தி முதலைத் தொட்டிக்குள் இறக்குவார்கள். நாங்கள் உள்ளூர்க்காரர்கள், அந்தப் பக்கம் போனதே இல்லை.

"ஒண்ணு எனக்கு, ஒண்ணு உனக்கு. பழைய சிநேகிதனப் பாத்த மாதிரி இருக்கும்ல?"

"எனக்கு முதுகு சரியில்லக்கா. இப்பதான் லக்ஸா வேற சாப்பிட்டிருக்கேன்."

"முதலைக்கு லக்ஸா பிடிக்காது ராய். தைரியமா போயிட்டு வாங்க" என்றேன்.

முதலில் மேவிஸ் இறங்கினார், பூப்போட்ட நீச்சலுடையில். முதலை அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடியில் கிடந்தது. கூண்டைத் தட்டினார், நாக்கைத் துருத்தினார். அது கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

"எங்க வீட்டு சோபாவுல கிடக்குற பூனையே இதவிட சுறுசுறுப்பு!" என்று அலுத்துக்கொண்டே மேலே வந்தார்.

ராய் முகத்தில் ரத்தம் திரும்பியது. "நெசமாவே தூங்குதா? நல்லா தூங்குதா?"

"அடிச்சுப் போட்ட மாதிரி."

உடனே சட்டையைக் கழற்றினார். ஓட்டுக் கேட்டு வருகிறவரைப்போல எல்லோருக்கும் கையசைத்தபடி கூண்டுக்குள் இறங்கினார். கூண்டு பாதி தண்ணீருக்குள் போயிருக்கும்; அந்த இடத்துப் பணிப்பெண் நீளக் கம்பில் ஒரு கோழியைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தாள். தீனி நேரமாம். படம் நன்றாக விழ வேண்டும் என்று கோழியைச் சரியாகக் கூண்டுக்கு மேலே ஆட்டினாள்.

முதலை எழுந்தது. எழுந்ததை நான் பார்க்கவில்லை. ராயின் மூக்குக்கு எதிரே திறந்திருந்த வாயைத்தான் பார்த்தேன். அதன் தாடை கூண்டில் டமாரென்று மோதியது. ராய் கத்தவில்லை. கத்துவதற்கு மூச்சு இருந்திருக்காது. ஆறடி ஆள், தரையோடு தரையாக மடியப் பார்த்தார். கூண்டில் அதற்கு இடம் இல்லை.

"பிரமாதம் சார்! ரொம்ப நாளைக்கப்புறம் இன்னிக்குத்தான் இப்படிப் பாஞ்சிருக்கு" என்றாள் பணிப்பெண். மேலே வந்த ராய் ஒரு நாற்காலி கேட்டார்.

சாயங்காலம் மிண்டில் கடற்கரையில் சாப்பாட்டுச் சந்தையின் அடுப்புப் புகைக்கு நடுவே எல்லோரும் மணலில் உட்கார்ந்து சூரியன் மறையக் காத்திருந்தோம்; அது மறைந்ததும் கைதட்டுவது இங்கே வழக்கம். மேவிஸ் பக்கத்துப் பாயில் இருந்த தம்பதியிடம் ஆரம்பித்துவிட்டார்.

"என் தம்பி முதலை வாய்க்கு நேரா நின்னான்! ஒரு சத்தம் போடலையே!"

"அய்யோ! எப்படி சார் இருந்துச்சு?"

இப்படிப்பட்ட காதுகளுக்காகத்தான் ராய் வாழ்நாளெல்லாம் ஏங்கியிருக்கிறார். இந்தத் தடவை முதலையும் நிஜம், சாட்சியும் இரண்டு. அவர் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"வெக்கையா இருந்துச்சு" என்றார்.

"எவ்வளவு அடக்கம் பாருங்க!" என்று அந்தப் பெண் தன் புருஷனை இடித்தாள்.

நடந்ததைச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் சூரியன் கடலுக்குள் இறங்கிவிட்டது. கரை முழுக்கக் கைதட்டினார்கள். நானும் சேர்ந்து தட்டினேன்.