சும்மா தொங்கும் இரும்பு

சும்மா இருப்பதற்கென்று இந்தப் பிரபஞ்சத்தில் ஒரு பொருளும் படைக்கப்படவில்லை. அப்படி ஏதாவது இருந்தால் அது படைத்தவனின் கவனக்குறைவு. மனித குலம் இத்தனை ஆயிரம் ஆண்டுகளாகக் காணத் தவறிய இந்த உண்மையைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு கடைசியில் ஒரு சரக்குக் கிடங்கு மேலாளரின் தலையில் வந்து விழுந்தது. அவர் அதைத் தட்டிக்கழிக்கவில்லை. கிடங்கில் ஒரு தட்டு காலியாகக் கிடந்தால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. வீட்டிலும் அதே சட்டம்தான். யாரும் ஏறாத ஏணி, யாரும் ஊதாத புல்லாங்குழல், கல்யாணத்துக்கு வந்து பெட்டி பிரிக்காமலே இருந்த தேநீர்க் கோப்பைகள் எல்லாம் ஒவ்வொன்றாக வீட்டைவிட்டுப் போயின. "நான் ஒரு எடத்துல அஞ்சு நிமிஷம் சேந்தாப்புல நின்னா என்னையும் எடைக்குப் போட்டுருவாரு" என்று அவர் மனைவி பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்தச் சட்டத்தின் ஒரே விதிவிலக்கு பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தது. மனைவியின் தம்பி. வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள், நாலு நாள் தங்கிவிட்டுப் போகிறேன் என்று வந்தவன். வந்தபோது பூத்திருந்த மாமரம் காய்த்து, பழுத்து, ஓய்ந்து, இப்போது மறுபடி பூத்திருந்தது. ஆள் நல்ல வாட்டசாட்டம். உட்கார்ந்தால் படி நிரம்பிவிடும். காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு கைபேசியில் எதையாவது பார்த்துக்கொண்டிருப்பான். யாராவது கொல்லைக்குப் போக வேண்டுமென்றால் எழுந்திருக்க மாட்டான், முழங்காலை மட்டும் கதவைப் போல ஒருபக்கமாகத் திறந்துவிடுவான். அவர்கள் போனதும் மூடிக்கொள்வான்.

வீட்டுக்குப் பின்னால் மதில் வரைக்கும் சரிவாக இறங்கும் நிலம் சும்மா கிடக்கிறதே என்றுதான் மேலாளர் சின்ன டிராக்டர் வாங்கப் போனார். டிராக்டரை அவர் உடனே முடிவுசெய்துவிட்டார். அதில் மாட்டும் கருவிகளுக்குத்தான் நேரம் பிடித்தது. கொட்டகை முழுக்க வரிசையாக நிறுத்தியிருந்த ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று, வேலைக்கு ஆள் எடுப்பவரைப் போல, "இது என்ன செய்யும்?" என்று கேட்டார். மண்ணைக் கிளறிப் பொடியாக்கும் ரோட்டவேட்டர் தேர்வானது. திருகாணி போலச் சுழன்று குழி போடும் கருவி தேர்வானது. முன்னால் மாட்டிப் பாரம் தூக்கும் வாளியைக் கண்டதும் அவர் முகத்தில் புது மாப்பிள்ளைக் களை வந்துவிட்டது. வரிசையின் கடைசியில் ஒரு மூலையில், சாம்பல் நிறத்தில், முகமோ பல்லோ கத்தியோ இல்லாத ஒரு இரும்புக் கட்டி கிடந்தது.

"இது?"

"அது வெயிட்டு சார். பின்பாரம்னு சொல்லுவாங்க. பின்னாடி மாட்டுறது," என்றான் விற்பனையாளன்.

"என்ன செய்யும்?"

"ஒண்ணும் செய்யாது சார். சும்மா தொங்கும்."

மேலாளர் அவனையே பார்த்தார். அவன் கொஞ்சம் சங்கடப்பட்டு, "முன்னாடி வாளியில பாரம் தூக்குறப்ப பின்னாடி இது இருக்கணும் சார்," என்றான்.

"சும்மா தொங்குறதுக்கு ஒரு வெல."

"ஆமா சார்."

வண்டி வீட்டுக்கு வந்த அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் அவர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். தட்டில் கறியைப் போட்டுக்கொண்டே, "அப்புறம்தான் யோசிச்சேன், அத எதுக்குக் காசு குடுத்து வாங்கணும்? நம்ம வீட்லதான் ஏற்கெனவே ஒண்ணு தொங்குதே," என்று மைத்துனன் பக்கம் கையை நீட்டினார். மைத்துனனும் சிரித்தான். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். அதற்குப் பிறகு அவன் பெயரே பின்பாரம் என்றானது. "பின்பாரம் எந்திரிச்சாச்சா?" "பின்பாரத்துக்கு இன்னொரு தோச வேணுமா?" ஆனால் பின்பாரம் அன்றிலிருந்து இரண்டாவது தடவை எதையும் கேட்டு வாங்கிச் சாப்பிடவில்லை. இது மேலாளரின் கண்ணில் படவில்லை. சட்டியில் மிச்சம் விழுவதைப் பார்த்த மனைவியின் கண்ணில் பட்டது. அவள் கணவரிடம் அவசியத்துக்கு மட்டும் பேச ஆரம்பித்தாள். அதைக்கூட மேலாளர் சிக்கனம் என்றே எடுத்துக்கொண்டார்.

கருவிகள் தம் திறமையைக் காட்டத் தொடங்கின. ரோட்டவேட்டர் முதல் ஓட்டத்திலேயே மனைவி முந்தின நாள் விதைத்த கீரைப் பாத்தியைக் கிளறிவிட்டு, தண்ணீர்க் குழாயையும் பாம்பு சுற்றுவதுபோல வயிற்றில் சுற்றிக்கொண்டு நின்றது. குழி போடும் கருவியைச் சும்மா வைத்திருக்கக் கூடாதே என்று நிலமெல்லாம் குழி போட்டார். நடுவதற்கு ஒரு செடியும் வாங்கவில்லை. பக்கத்து வீட்டு நாய் அதில் ஒரு குழியில் விழுந்து, தூக்கிவிட்டதிலிருந்து இந்த வீட்டைப் பார்த்துக் குரைப்பதையே நிறுத்திக்கொண்டது. இனி வாளிக்குத்தான் வேலை தேட வேண்டும். தேடியபோது துவைக்கிற கல் அகப்பட்டது.

அது கான்கிரீட்டில் வார்த்த பெரிய கல். வீட்டை ஒட்டியே கிடந்ததால் சோப்புத் தண்ணீர் அங்கேயே தேங்கியது. கீழே மதிலோரக் குழாயடிக்கு மாற்றித் தரும்படி மனைவி பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மேலாளர் அதற்கு நாள் குறித்தார். மைத்துனனும் அதே நாளைத்தான் குறித்திருந்தான். நண்பனோடு தங்கிக்கொள்வதாகவும் மத்தியானப் பேருந்துக்குக் கிளம்புவதாகவும் முந்தின நாளே அக்காவிடம் சொல்லிவிட்டான். அவள் போகாதே என்று சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியது கணவர்தான் என்று அவளுக்குத் தெரியும். அவனுடைய பை பின்வாசலில், அவனுக்குப் பக்கத்தில், அவனைப் போலவே உட்கார்ந்திருந்தது.

மேலாளர் வண்டிக்குப் பின்னால் மாட்டியிருந்த ரோட்டவேட்டரைக் கழற்றி ஓரமாக வைத்தார். வேலையில்லாததை எதற்காக இழுத்துக்கொண்டு போக வேண்டும்?

"மாமா, அத மாட்டியே வச்சுக்கோங்களேன்," என்றான் மைத்துனன். "பின்னாடி எதாவது கனமா இருக்கணும். வீடியோல எல்லாம் அப்படித்தான் பண்றாங்க."

"நீ வீடியோல நீச்சல்கூடத்தான் பாக்குற மாப்ள. ஒரு நாளாவது குளிச்ச மாதிரி தெரியலயே."

மைத்துனன் சிரித்துவிட்டு முழங்காலைத் திறந்தான். அக்கா அவனைத் தாண்டிச் சரிவில் இறங்கி, மதிலோரமாய் நாலு செங்கல்லைப் பரப்பிவைத்து, மதிலுக்கு முதுகைக் கொடுத்து நின்றாள். "இங்கதான். இந்தச் செங்கல்லு மேல," என்று கையைக் காட்டினாள்.

கல் வாளியில் ஏறிவிட்டது. இவ்வளவு சுலபமா என்று அவருக்கே ஆச்சரியம். மனைவி பார்க்கிறாளே என்று வாளியை உயர்த்தினார். தேவைக்கு மேல் உயர்த்தினார். சரிவில் இறங்கினார். பாதி தூரம் போயிருப்பார், இருக்கை அவரை மரியாதையாக எழுப்பியது. பெரிய மனிதர் யாரோ அறைக்குள் வந்துவிட்டதுபோல உடம்பு தானாக எழுந்தது. முன்னால் தரை கிட்டே வந்தது. பின்சக்கரங்கள் மண்ணை விட்டுவிட்டன என்பது அவருக்குப் புரியவே இல்லை. கிளட்சையும் பிரேக்கையும் சேர்த்து மிதித்தார். அந்த வண்டிக்குப் பிரேக் பின்சக்கரங்களில் மட்டும்தான். அது பிடித்தது, காற்றில் நின்ற பின்சக்கரங்களை நன்றாகப் பிடித்தது. முன்சக்கரங்கள் அதைப் பற்றிக் கவலைப்படாமல் கீழே உருண்டுகொண்டிருந்தன.

மனைவி இன்னும் கையைக் காட்டிக்கொண்டிருந்தாள். இங்கதான், இங்கதான். பிறகு கை மட்டும் அப்படியே நிற்க, முகம் மாறியது. அவளுக்குப் பின்னால் மதில். வலப்பக்கம் குழாய்த் தொட்டி, இடப்பக்கம் அவர் போட்ட குழி. இருபது வருஷத்தில் அவள் முகத்தை இவ்வளவு உன்னிப்பாகப் பார்த்ததில்லை என்று அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றியது. புருவத்தில் ஒரு சின்னத் தழும்பு இருந்தது. அது எப்போது வந்தது? ஏன் எனக்குத் தெரியவில்லை? கால் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தது. வாளியை இறக்கலாம் என்று கைக்குத் தோன்றவில்லை.

அப்போது பின்னால் எதுவோ விழுந்ததுபோல வண்டி அதிர்ந்தது. இருக்கை அவரைப் பட்டென்று கீழே இறக்கியது. பின்சக்கரங்கள் மண்ணைத் தொட்டன, பிரேக் கடித்தது, வண்டி நின்றது. வாளியிலிருந்து கல் வழுக்கி, செங்கற்கள் மேல் விழுந்து, ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுச் சரியான இடத்தில் உட்கார்ந்தது. அதற்கும் அவளுக்கும் நடுவில் ஒரு சின்னக் குழந்தையை நிறுத்தலாம், அவ்வளவு இடம்தான் இருந்தது.

தொட்டியில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. மனைவி நீட்டிய கையை மெல்ல இறக்கி, அது தன் கைதானா என்று திருப்பிப் பார்த்தாள்.

"பால அடுப்புல வச்சிட்டு வந்தேன்," என்றாள். கல்லைச் சுற்றிக்கொண்டு, வண்டியை உரசிக்கொண்டு, நிதானமாக மேலே ஏறிப் போனாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. திட்டவும் இல்லை. அவள் வாயைத் திறந்து நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவர் வண்டியை விட்டு இறங்கியிருப்பார்.

"மாமா," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

திரும்பிப் பார்த்தார். கருவிகள் மாட்டும் இரும்புக் கைகளை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, காலை மடக்கி, முழு உடம்பையும் மண்ணுக்குத் தொங்கவிட்டிருந்தான் மைத்துனன். படியிலிருந்து அங்கே அவன் எப்படி வந்தான் என்று அவனுக்கே தெரியாது போலிருந்தது. முகமெல்லாம் புழுதி. ஒரு செருப்பு சரிவின் நடுவில் தனியாகக் கிடந்தது. ஒரு வருஷமாகத் தண்ணீர் குடிக்கக்கூட யாராவது எடுத்துத் தருவார்களா என்று பார்த்த ஆள்.

"நான் எறங்கலாமா மாமா?"

மேலாளர் முன்னால் திரும்பிப் பார்த்தார். வாளி காலியாகிவிட்டது, வண்டி நின்றுவிட்டது, எல்லாம் தெரிந்தது. ஆனாலும் வாய், "வேண்டாம்," என்றது. "எறங்காத."

"கை வலிக்குது மாமா."

"தெரியும். இருந்தாலும் கொஞ்ச நேரம்."

மனைவி தேநீர் கொண்டுவந்தபோது இருவரும் அப்படியேதான் இருந்தார்கள். முதல் கோப்பையைத் தம்பியிடம் நீட்டினாள். அதை வாங்குவதற்காகத்தான் அவன் இறங்கினான். அடுத்ததைக் கணவரிடம் கொடுத்தாள். அதில் சர்க்கரை இல்லை. மறந்துவிட்டாளா, மறக்கவில்லையா என்று தெரியவில்லை. அவர் கேட்காமல் கடைசிவரை குடித்தார்.

மத்தியானம் மைத்துனன் தலைசீவி, சட்டையை மாற்றிக்கொண்டு, பையை எடுக்க வந்தபோது, பின்வாசலில் மேலாளர் குந்தியிருந்தார். குட்டையான பழைய நீல நிற டிரம் ஒன்று. பக்கத்தில் வீடு கட்டியபோது மிஞ்சிய மணலும் ஜல்லியும், புதுச் சிமெண்டு மூட்டையும். கடப்பாரையால் டிரம்மின் இரண்டு பக்கமும் துளைபோட்டு, ஒரு கனத்த கம்பியைக் குறுக்கே செருகியிருந்தார். கலவை பாதி விழுந்திருந்தது. வேட்டியெல்லாம் சிமெண்டு.

"என்ன மாமா இது?"

"வெயிட்டு."

"எதுக்கு?"

மேலாளர் கரண்டியால் கலவையைத் தட்டிச் சமன்செய்தார். "சும்மா தொங்குறதுக்கு."

மைத்துனன் பையின் வாரைத் தோளில் மாட்டிக்கொண்டான். மாட்டியவன் போகவில்லை. "கம்பி சாயுதே," என்றான்.

"சாயுதுதான். எனக்கு ரெண்டு கைதான இருக்கு."

பையை இறக்கிவைத்துவிட்டு மைத்துனன் கம்பியின் ஒரு முனையைப் பிடித்தான். மேலாளர் மிச்சக் கலவையைக் கொட்டி முடித்துவிட்டு மறுமுனையைப் பிடித்தார். இருவரும் ஆளுக்கொரு பக்கமாகப் படியில் உட்கார்ந்தார்கள். படி போதவில்லை, மேலாளருக்குப் பாதி இடம்தான் கிடைத்தது. காலைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

"எவ்ளோ நேரம் புடிக்கணும் மாமா?"

"இறுகுற வரைக்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் தெனமும் தண்ணி ஊத்தணும். காய விட்டா வெடிச்சுரும்." கம்பியை நிமிர்த்திக்கொண்டு, "நான் கெடங்குக்குப் போயிருவேன். அவளுக்கும் வேல இருக்கு," என்றார். மைத்துனன் பக்கம் பார்க்காமல் மாமரத்தைப் பார்த்துச் சொன்னார்.

உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. "ரெண்டு பேரும் அங்க என்ன பண்றீங்க?"

"சும்மாதான் இருக்கோம்," என்றார் மேலாளர்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் கொல்லைக்குப் போக வந்தாள். மைத்துனனின் முழங்கால் பழக்கத்தில் ஒருபக்கமாகத் திறந்தது. மேலாளரும் தன் முழங்காலைத் திறந்துவிட்டார். அவள் இருவருக்கும் நடுவில் இறங்கி, கம்பியைத் தாண்டிக் குழாயடிக்குப் போனாள். தெருமுனையில் பேருந்து இரண்டு தடவை ஹாரன் அடித்தது. படியில், பையின் மேல் தெறித்திருந்த சிமெண்டுத் துளி, ஓரத்திலிருந்து மெதுவாக வெளுத்துக்கொண்டு வந்தது.