டொக்கா, டொக்டொக்கா?

வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு இந்திரகுமார் தன் மோட்டார் சைக்கிளைத் தானே கழற்றித் தானே பூட்டினான். கடைசியில் ஒரு பொல்ட் மிஞ்சியது. கம்பெனிக்காரன் கைகாவலுக்கு ஒன்று கூடப் போட்டிருக்கிறான் என்று மெச்சி, அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

மறுநாளிலிருந்து பள்ளத்தில் விழும்போதெல்லாம் வண்டி சத்தம் போட்டது. யட்டவத்தையிலிருந்து மாத்தளைக்குப் போகும் வழியில் பள்ளத்துக்கா பஞ்சம்? மூன்றாம் நாள் பின்னால் உட்கார்ந்து வந்த அவன் மனைவி நிஷாந்தி பாதி வழியில் இறங்கிவிட்டாள். அன்றிலிருந்து மாத்தளை பாமசியில் மருந்து கொடுக்கும் வேலைக்கு அவள் பஸ்ஸில் போக, இவன் பின்சீட்டைக் காலியாக வைத்துக்கொண்டு, புகையைக் குடித்தபடி பஸ்ஸுக்குப் பின்னால் போனான். வீட்டில் மாமியாரும் டிவியும்தான் பேசும். புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்வது அந்த வண்டியில்தான். அவள் மறுபடி ஏறியாக வேண்டும்.

ரிஸ்வி நானாவின் கராஜுக்குப் போனான்.

“எப்பிடிச் சத்தம் வருது? செல்லுங்க பாப்பம்.”

“டொக்குன்னு வருது நானா.”

“டொக்கா, டொக்டொக்கா?”

இந்திரகுமார் யோசித்தான். “டொடக்.”

“அப்பிடி ஒரு சத்தம் பைக்குக்கு இல்லியே தம்பி. டொக்குன்னா ஹேண்டில் கோன்செட். டொக்டொக்குன்னா ஃபோர்க். டொடக் மாட்டு வண்டிக்கி.”

டீ குடித்துக்கொண்டிருந்த பக்கத்துக் கடை ஸெய்னுலாப்தீன் குறுக்கே வந்தார். “நேத்து என்ட கடையத் தாண்டக்குள்ள கேட்டேன். வல்லாஹி, லடக்குத்தான்.”

தீர்ப்புச் சொல்ல மூவரும் ஒரே வண்டியில் ஏறி, ரோட்டு மேட்டில் ஏழு தரம் ஏறி இறங்கினார்கள். பாரம் தாங்காமல் வண்டி வாயே திறக்கவில்லை. வியர்வை துடைக்க இந்திரகுமார் சட்டைப் பையிலிருந்து லேஞ்சியை இழுத்தான். பொல்ட் கீழே விழுந்தது.

“இதென்ன?”

“கம்பெனி கூடக் குடுத்தது நானா.”

ரிஸ்வி அவனையே பார்த்தார். சீட்டைக் கழற்றி, பெட்ரோல் டேங்கின் பின்பக்க ஓட்டையில் அதை முறுக்கினார். சத்தம் செத்தது.

மறுநாள் காலை பஸ் தரிப்பிடத்தில் மாப்பிள்ளை மாதிரி போய் நின்றான்.

“சத்தம் போயிருச்சு. ஏறு.”

“வேணாங்க. பஸ் வந்துரும்.”

நின்றவர்கள் எல்லாரும் பார்க்க, எதிரிலிருந்த பள்ளத்தில் மூன்று தரம் விட்டு எடுத்துக் காட்டினான். ஒரு முணுமுணுப்புக்கூட இல்லை.

“பாத்தியா? இன்னும் என்ன பயம்?”

“ஒரு பயமுமில்ல. நீங்க போங்க.”

“நிஷா, உண்மையச் சொல்லேன்.”

அவள் பெருமூச்சு விட்டாள்.

“பைக் சத்தத்துக்கு நான் பயப்படவே இல்லீங்க. ஒவ்வொரு பள்ளத்துக்கும் ரோட்டப் பாக்காம திரும்பி என் மூஞ்சியப் பாத்து ‘ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல’ன்னு சொல்றீங்களே, அதுக்குத்தான் பயம்.”