நீளக் கைப்பிடி

அவள் வேலை பார்க்கும் தையல் ஆலையில் ஒரு நாளைக்கு அறுநூறு சட்டைகள் அவள் கையைத் தாண்டிப் போகும். பட்டன் சரியா, தையல் பிரிந்திருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து மாலைக்குள் கண் பூத்துவிடும். அந்த அறுநூற்றில் ஒன்றுகூட அவள் கணவனுக்குச் சேராது. உடம்புக்குச் சரியாக எடுத்தால் கை முழங்கைக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிடும். கைக்குச் சரியாக எடுத்தால் உடம்பு கூடாரமாகத் தொங்கும். ஆறடி நாலங்குலம். அச்சகத்தில் அவனைக் ‘கம்பம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த அச்சகத்தை மூடி எட்டு மாதமாகிறது.

ஞாயிற்றுக்கிழமை அவனுக்குப் பிறந்தநாள். மூன்று நாளாக வேலை முடிந்ததும் கடை கடையாக ஏறி இறங்கினாள். சட்டை இல்லை. செருப்புக் கடைக்காரர் அளவைக் கேட்டதுமே கையை விரித்தார்.

நாத்தனாருக்கு போன் செய்தாள்.

“சின்ன வயசுலேர்ந்தே அண்ணனுக்கு எதுவும் பத்தாது அண்ணி. பேசாம ஒரு பர்ஸ் வாங்கிடுங்க. அதுக்கு உயரம் பார்க்க வேணாம்.”

வேலையில்லாத மனுஷனுக்குப் பர்ஸா என்று நினைத்தாள். போனை வைத்தாள்.

வியாழக்கிழமை வீட்டுக்கு வந்தபோது அவன் தரை துடைத்துக்கொண்டிருந்தான். மாப்பின் குச்சி அவன் இடுப்புக்குக்கூட எட்டவில்லை. இரண்டாக மடிந்து, ஒரு கையை முதுகில் ஊன்றியிருந்தான். பிறகு பாத்திரம் கழுவப் போனான். தொட்டி தாழ்வு என்பதால் காலை அகட்டி வைத்து, தன்னைத்தானே குட்டையாக்கிக்கொண்டு நின்றான். எட்டு மாதமாக வீட்டு வேலை முழுவதும் அவன்தான். அவள் இதையெல்லாம் அன்றைக்குத்தான் பார்த்தாள்.

மறுநாள் இரும்புக் கடையில் மாப்புக்கு ஐந்தடிக் குழாய் போடச் சொன்னாள். குனியாமல் பாத்திரம் கழுவ, தொட்டிக்குள் உயரமாகப் போட்டுக்கொள்ளும் குட்டைக்கால் பலகை ஒன்றும் வாங்கினாள்.

“யாருக்குக்கா, ஒட்டகச்சிவிங்கிக்கா?” என்றார் கடைக்காரர்.

“வீட்டுக்காரருக்கு.”

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு குழாயை முறுக்கினார்.

ஞாயிறு காலை அவன் மாப்பைக் கையில் வாங்கி, தரையில் ஊன்றிப் பார்த்தான்.

“நல்லா உறுதியா இருக்கு.”

“பத்து வருஷத்துக்கு ஒண்ணும் ஆகாதுன்னு கடைக்காரர் சொன்னாருங்க.”

“அப்போ பத்து வருஷம் நான் இதைத்தான் பண்ணணும்னு முடிவு பண்ணிட்ட.”

சண்டை போட அவளுக்குத் தெம்பில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

“சட்டைக்கு ஆறு கடை ஏறினேன். கிடைக்கலை. நீங்க முதுகைப் புடிச்சுக்கிட்டு நின்னதைப் பார்த்தேன், அதான். வேலை கிடைச்சாலும் முதுகு உங்களோடதுதானே.”

அவன் மாப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். அவள் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள். விழித்தபோது மத்தியானம் ஆகியிருந்தது. தரை பாதி காய்ந்திருந்தது. அவன் தொட்டியருகே நிமிர்ந்து நின்று தட்டு கழுவிக்கொண்டிருந்தான்.

“பலகை ஒரு அங்குலம் உயரம் ஜாஸ்தி” என்றான், திரும்பாமல்.

“அறுத்துக் குடுக்கச் சொல்லட்டுமா?”

“வேணாம். உயரம் ஜாஸ்தின்னு நான் சொல்றது இதுதான் முதல் தடவை. இருந்துட்டுப் போகட்டும்.”

தட்டைக் கவிழ்த்துவிட்டு அடுத்ததை எடுத்தான்.

“நாளைக்கு ஒரு குடோன்ல வேலை விஷயமா வரச் சொல்லியிருக்காங்க. கிடைக்கலைன்னா நீயும் வாடிப்போவியேன்னுதான் சொல்லலை.”

“எந்தச் சட்டை போட்டுக்கிட்டுப் போவீங்க?”

“கையை மடிச்சு விட்டுட்டா யாருக்குத் தெரியப்போகுது? நீ எழுந்து சாப்பிடு.”

குடோன் வேலை கிடைக்கவில்லை. அதற்கடுத்துப் போய்ப் பார்த்த வேலையும் கிடைக்கவில்லை. அவன் வீட்டைக் கவனித்துக்கொண்டு, காலையில் விளம்பரம் பார்த்துக்கொண்டு இருந்தான். அந்த மாதக் கடைசியில் அவன் முதுகுக்கு மாதா மாதம் வாங்கும் வலித் தைலம் தீர்ந்துவிட்டதா என்று அவள் கேட்டாள். பாதி பாட்டில் இருக்கிறது, இப்போதைக்கு வாங்க வேண்டாம் என்றான்.